புற்றுநோயும் நம் வெள்ளையணுக்களும்: ஓர் எளிய விளக்கம்

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் போகும் விடியற்காலைப் பேருந்தில் ஏறினால், ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய உறையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று பேரையாவது பார்க்கலாம். எங்கே போகிறீர்கள் என்று அவர்களிடம் கேட்க வேண்டியதில்லை. 1981-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஆர்.சி.சி. என்ற மூன்று எழுத்துகளாகவே அறியப்படுகிறது. நோயின் பெயரைச் சொல்லக் கூசுகிறவர்கள்கூட, “ஆர்.சி.சி.க்குக் கொண்டு போயிருக்கிறார்கள்” என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள்.

அப்படிப் போய்வந்த ஒருவரின் மகன், மருத்துவக் கோப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். பக்கத்து விளையில் ரப்பர் பால்வெட்டும் குடும்பம். பையன் என்னிடம் பத்தாம் வகுப்பில் அறிவியல் படித்தவன். அவனுடைய தந்தைக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்று. அறுவை சிகிச்சை செய்து, கரண்டும் (கதிரியக்க சிகிச்சையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வைத்த பிறகு, ஒன்றரை ஆண்டில் கழுத்தில் மறுபடியும் கட்டி தென்பட்டிருக்கிறது. இம்முறை மருத்துவர் இம்யூனோதெரபி என்று எழுதியிருந்தார். பையன் கேட்ட முதல் கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: “இம்யூனோதெரபின்னா எதிர்ப்பு சக்தி ஏத்துத ஊசிதானே சாரே? அதுக்குச் சத்துமாவும் கசாயமும் குடுத்தா ஆகாதா?” இரண்டாவது கேள்வி, அப்பாவின் ரத்தத்தை எடுத்து அதிலுள்ள செல்லை மாற்றித் திரும்ப ஏற்றினால் குணமாகும் என்று யூடியூபில் பார்த்தானாம், அதைச் செய்ய முடியுமா என்பது. மூன்றாவது, கோப்பில் இருந்த ‘சிபிஎஸ் 20’ என்ற குறிப்புக்கு, பிழைக்க நூற்றுக்கு இருபது வாய்ப்புதான் என்று பொருளா என்பது.

மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றையும் சேர்த்து விளக்க வேண்டுமானால், நம் உடம்பில் காவல் எப்படி நடக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

‘எதிர்ப்பு சக்தி’ என்ற சொல்லே முதல் இடைஞ்சல். கொரோனாக் காலத்திற்குப் பிறகு அந்தச் சொல் பால்பொடி டப்பா முதல் பிஸ்கட் உறை வரை எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. அது ஏதோ பெட்ரோல் போல ஒரே பொருள், குறைந்தால் நிரப்பிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. உண்மையில் நோயெதிர்ப்பு என்பது பலவகைச் செல்கள் சேர்ந்து செய்யும் வேலை. ஒரு சொட்டு ரத்தத்தில் லட்சக்கணக்கில் இருக்கும் வெள்ளையணுக்களில் கிருமியை விழுங்குபவை உண்டு, கிருமியில் ஒட்டிக்கொள்ளும் புரதமான எதிர்ப்பொருளைச் சுரக்கும் பி செல்கள் உண்டு, நோயுற்ற செல்லை நேரடியாகக் கொல்லும் டி செல்கள் உண்டு. நன்றாகச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கும் ஆளுக்கும் புற்றுநோய் வருகிறது. அவருடைய டி செல்கள் பலமாகத்தான் இருக்கும். அவற்றுக்கு எதிரியை அடையாளம் தெரிவதில்லை, அல்லது தெரிந்தும் கை ஓங்க முடிவதில்லை. இந்த இரண்டையும் சரிசெய்வதுதான் இம்யூனோதெரபி.

அடையாளம் ஏன் தெரிவதில்லை என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் எல்லாம் இதில்தான் தொங்குகிறது. டி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சிறிய சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. தைமஸ் எதற்காக இருக்கிறது என்பதே 1961 வரை தெரியாது. ஜாக் மில்லர் என்பவர் பிறந்த எலிக்குட்டிகளிலிருந்து அதை அகற்றிப் பார்த்த பிறகுதான், அது இல்லாமல் உடலின் காவலே அமையாது என்பது புரிந்தது. அங்கே நடக்கும் பயிற்சி கடுமையானது. ஒவ்வொரு டி செல்லும் தன் மேற்பரப்பில் ஒரு தனி வடிவ ஏற்பியைத் தாங்கிக்கொண்டு வருகிறது. எந்தப் பொருளை அது பிடிக்கும் என்பது ஏறக்குறையக் குலுக்கல் முறையில் அமைவது. உடலின் சொந்தப் புரதங்களை அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும் டி செல்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. எதையும் பிடிக்கத் தெரியாதவையும் மடிகின்றன. உள்ளே போனவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை வெளியே வருவதில்லை. சொந்த உடம்பைத் தாக்காத காவலரை மட்டும் ஊருக்குள் விட வேண்டும் என்பதற்காக இத்தனை கழிவு.

வெளியே வந்த டி செல் எப்படிச் சோதிக்கிறது? எல்லைப்புறத்தில் வாழும் எங்களுக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. வரி வாங்கிய சாவடிகள் 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு போய்விட்டாலும், ரேஷன் அரிசி கடத்தலைப் பிடிப்பதற்காக நிற்கும் காவலரை இன்றும் பார்க்கிறோம். லாரியில் இருக்கும் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துக் கொட்ட அவருக்கு நேரமில்லை. குத்தூசியை மூட்டையில் செருகி உள்ளங்கையளவு அரிசியை வெளியே இழுத்துப் பார்க்கிறார். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் அந்த வேலையைத் தானே செய்து வைக்கிறது. உள்ளே தயாராகும் புரதங்களை நறுக்கி, எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகளாக்கி, ஒரு சிறு தட்டில் வைத்து வாசலில் காட்டுகிறது. சுற்றிவரும் டி செல்கள் அந்தத் தட்டைத் தொட்டுப் பார்த்தபடி கடந்து போகின்றன. வைரஸ் புகுந்த செல்லாக இருந்தால் வைரஸின் துண்டும் தட்டில் வந்துவிடும். அதைப் பிடிக்கும் ஏற்பி உள்ள டி செல் அங்கேயே நின்று அந்தச் செல்லைக் கொன்றுவிடும்.

புற்று செல்லின் தட்டில் வைரஸ் துண்டு எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. அது நம் செல்தான். உள்ளூர் எண் பலகையோடு வரும் வண்டி. மரபணுவில் ஏற்பட்ட பிழைகளால் அதன் சில புரதங்கள் ஓரிரு எழுத்து மாறியிருக்கும், அவ்வளவுதான். அந்த மாறிய துண்டு தட்டில் வந்து, அதைப் பிடிக்கக்கூடிய டி செல் அவ்வழியே கடந்துபோனால் சண்டை தொடங்கும். ஆகவே எந்தப் புற்றில் மரபணுப் பிழைகள் மிகுதியோ, அதில் அடையாளங்களும் மிகுதி. வெயிலின் புற ஊதாக் கதிரால் வரும் மெலனோமா என்ற தோல் புற்றும், புகையால் வரும் நுரையீரல் புற்றும் இம்யூனோதெரபிக்கு ஒப்பீட்டளவில் நன்றாகப் பணிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எங்கள் பகுதியின் வாய்ப்புற்றும் பெரும்பாலும் அந்த இனம்தான். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கத்தில் இருந்தது. அக்காலத்தில் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வாய்ப்புற்றோடு வந்தவர்கள் ஏராளம். அங்கே பணியாற்றிய ஐயன் ஆர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுபவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-இல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை எழுதினார். எவரெஸ்ட் ஏறும் முயற்சியில் 1922-இலும் 1924-இலும் பங்கெடுத்த ஹோவர்ட் சோமர்வெல்லும் அதே நெய்யூரில்தான் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தார். வெற்றிலையோடு சேரும் புகையிலைதான் கேடு, பாக்கு ஒன்றும் செய்யாது என்று எங்கள் பாட்டாக்கள் நம்பினார்கள். பாக்கே தனியாகப் புற்றை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துவிட்டது. பல பத்தாண்டுகள் மென்றதால் கன்னத்தின் உட்புறச் செல்களில் பிழைகள் குவிகின்றன. அந்தக் குவியல்தான் நோயைக் கொண்டுவந்தது; டி செல்லுக்குப் பிடி கொடுப்பதும் அதே குவியல்.

பிடி கிடைத்தும் டி செல் ஏன் பல வேளைகளில் சும்மா நிற்கிறது என்பது அடுத்த புதிர். டி செல்லுக்குத் தடைகள் உண்டு. தொண்டையில் ஒரு சாதாரணத் தொற்று வந்தாலும் கோடிக்கணக்கில் பெருகும் இந்தச் செல்கள், வேலை முடிந்ததும் ஓயாவிட்டால் உடம்பையே தின்றுவிடும். அதற்காக அவற்றின் மேற்பரப்பில் பிரேக் போன்ற புரதங்கள் இருக்கின்றன. சிடிஎல்ஏ-4 என்பது அவற்றில் ஒன்று. அதைத் தடுத்தால் எலிகளின் கட்டி கரைகிறது என்று அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன் 1996-இல் காட்டினார். பிடி-1 என்ற மற்றொன்றை ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் குழு 1992-இலேயே கண்டெடுத்திருந்தது. இவ்விருவருக்கும் 2018-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பிடி-1 என்பது பிரேக் மிதி என்றால், அதை அழுத்தும் காலுக்குப் பெயர் பிடி-எல்1. நல்ல திசுக்கள் தங்களைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் அந்தக் காலைப் புற்று செல்லும் தன்மேல் முளைக்கச் செய்துகொள்கிறது. டி செல் அருகே வந்து தட்டைத் தொட்டு, பிழையைக் கண்டு, தாக்க எழும் நேரத்தில் பிரேக் அழுத்தப்படுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் கட்டியைச் சுற்றியும் உள்ளேயும் டி செல்கள் நிறையக் கிடக்கும், எதுவும் நடந்திருக்காது.

இந்த மிதிக்கும் காலுக்கும் இடையே புகுந்து தடுக்கும் எதிர்ப்பொருள்தான் பையனுடைய அப்பாவுக்கு எழுதியிருக்கும் ஊசி. பிரேக் நீக்கும் மருந்துகளில் முதலாவதான, சிடிஎல்ஏ-4-ஐத் தடுக்கும் இபிலிமுமாபுக்கு அமெரிக்காவில் 2011-இல் ஒப்புதல் கிடைத்தது; பிடி-1-ஐத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014-இல் வந்தன. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-இல் மெலனோமா ஈரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தபோது, அறுவை சிகிச்சையோடும் கதிரியக்கத்தோடும் பெம்ப்ரோலிசுமாபும் தரப்பட்டது. அப்போது தொண்ணூறு வயதான அவர், நூறு வயதைக் கடந்து 2024 டிசம்பரில்தான் காலமானார். எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். பல புற்றுகளில் சிறு பகுதியினருக்கே இம்மருந்து வேலை செய்கிறது. ஆனால் வேலை செய்கிறவர்களில் சிலருக்கு அந்தப் பலன் ஆண்டுக்கணக்கில் நிலைக்கிறது. கீமோ நிறுத்தினால் கட்டி திரும்பிவிடும் என்று பார்த்துப் பழகிய மருத்துவர்களுக்கு இதுதான் பெரிய வியப்பாக இருந்தது. டி செல்லுக்கு நினைவு உண்டு. கீமோ மருந்துக்கு அது கிடையாது.

இப்போது அந்த ‘சிபிஎஸ் 20’. கட்டியிலிருந்து எடுத்த பயாப்சித் துண்டில் பிடி-எல்1 சாயம் ஏறிய செல்களை எண்ணுகிறார்கள். புற்று செல்களோடு அங்கே கூடியிருக்கும் வெள்ளையணுக்களையும் சேர்த்துத்தான் எண்ணிக்கை. அதைப் புற்று செல்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதே சிபிஎஸ். பிழைக்கும் வாய்ப்பை அந்த எண் சொல்வதில்லை. கட்டி எந்த அளவுக்கு இந்தப் பிரேக்கை நம்பியிருக்கிறது என்பதற்கான ஒரு தோராயமான அளவு அது. தலை, கழுத்துப் புற்றுகளில் 20 என்பது நல்ல அளவாகவே கருதப்படுகிறது. இதைச் சொன்னபோது பையன் கோப்பைத் திரும்ப வாங்கி, அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். மூன்று வாரமாக அந்த எண்ணைச் சாவுக்கணக்காக நினைத்து, அப்பாவிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். யாராவது ஒருவர் அவனுடைய மொழியில் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அவனுக்கு இந்தத் துயரம் வந்திருக்காது.

பக்க விளைவைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புவதற்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. கீமோவில் முடி கொட்டும், வாந்தி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பிரேக்கை எடுத்துவிடும் மருந்தில் அப்படி எதுவும் உடனே தெரியாததால், வீட்டார் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். ஆனால் தடை நீங்கிய டி செல்கள் நல்ல உறுப்புகளையும் தாக்கக்கூடும்: குடல், தோல், தைராய்டு, ஈரல், நுரையீரல், அரிதாக இதயம். வாரங்கள் கழித்து வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம், மருந்தை நிறுத்திய பிறகும் வரலாம். என் அத்தானுக்கு இரண்டாம் ஊசி போட்டு ஒரு மாதம் ஆன பிறகு வயிற்றுப்போக்கு தொடங்கியது. ஊரிலிருந்த ஒரு சிறிய மருத்துவமனையில், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள்; நாங்களும் ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அறியவில்லை. ஐந்தாம் நாள் மலத்தில் ரத்தம் கண்ட பிறகுதான் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனோம். அது கிருமியால் வந்தது இல்லை, டி செல்கள் பெருங்குடலின் சுவரைத் தாக்கியதால் வந்த அழற்சி என்று அங்கே கண்டறிந்து, ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினார்கள். முதல் நாளே போயிருந்தால் வாரத்தில் தீர்ந்திருக்கும். இரண்டு மாதம் இழுத்தது. ஆகவே, இந்த ஊசி போட்டுக்கொண்டவர் எந்த ஊர் மருத்துவரிடம் எதற்காகப் போனாலும், மருந்தின் பெயரை எழுதிய சீட்டைக் காட்டுவது அவசியம். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வயிறு போவது, புதிதாக மூச்சு வாங்குவது, விடாத இருமல், கண் மஞ்சளாவது, காரணமில்லாத அசதி ஆகிய எதையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

விலையைச் சொல்லாமல் இந்த மருந்தைப் பற்றிப் பேசுவது பால்வெட்டித் தொழில் செய்யும் குடும்பத்துக்குச் செய்யும் அநீதி. முழு அளவில் போட்டால் ஒரு முறைக்கே லட்சத்தைத் தாண்டும், மூன்று வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும். இந்த இடத்தில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை செய்த ஒரு வேலை எனக்கு மிகுந்த மதிப்புக்குரியது. பிடி-1 மருந்து டி செல்லின் மிதியை மூடிவிட்டால் போதும்; மூடிய பிறகு எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தாலும் அது ரத்தத்தில் வெறுமனே சுற்றும். அப்படியானால் மிகக் குறைந்த அளவே போதுமா என்று அவர்கள் சோதித்தார்கள். வழக்கமாக இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம் தரப்படும் நிவோலுமாபை, மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் என்று, முற்றிய தலை, கழுத்துப் புற்றுள்ளவர்களுக்கு விலை குறைந்த மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 151 பேர் பங்கேற்ற அந்தச் சோதனையில், மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதம், குறைந்த அளவு நிவோலுமாபும் பெற்றவர்களில் 43.4 சதவீதம். பணத்துக்கு வழியில்லை என்று வீட்டுக்குத் திரும்புவதற்கு முன், குறைந்த அளவு மருந்து பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பையனையும் கேட்கச் சொன்னேன்.

இனி அவனுடைய இரண்டாம் கேள்வி, செல்லையே எடுத்து மாற்றி ஏற்றுவது. உடலின் காவலைத் தூண்டிவிட்டுப் புற்றை அழிக்கும் எண்ணம் பழையது. நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி 1891-இலேயே கிருமியை நோயாளியின் உடலில் செலுத்திப் பார்த்தார்; காசநோய்க்காக நம் குழந்தைகளின் இடது தோளில் போடும் அதே பிசிஜி, சிறுநீர்ப்பைப் புற்றுக்கு 1976 முதல் பயன்பட்டுவருகிறது. ஆனால் அவை எல்லாம் கூட்டத்தை எழுப்பிவிடுவது போன்றவை. தனியொரு டி செல்லுக்கு, நீ தேட வேண்டியது இதைத்தான் என்று புதுக் கண் பொருத்த முடியும் என்று முதலில் காட்டியவர்களில் முக்கியமானவர் இஸ்ரேலின் செலிக் எஷ்ஹார், 1980-களின் இறுதியில். எதிர்ப்பொருளின் பிடிக்கும் நுனியையும் டி செல்லின் உட்புறச் சமிக்ஞைப் பகுதியையும் ஒட்டவைத்துச் செய்த கலப்பு ஏற்பிக்குத்தான் கார் என்று பெயர். அதைத் தாங்கிய டி செல் கார்-டி. நான் மேலே சொன்ன தட்டு இதற்குத் தேவையில்லை; செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதத்தை நேரடியாகப் பிடிக்கும்.

அது நடக்கும் விதம் இது. நோயாளியின் ஒரு கையிலுள்ள ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் ஒரு இயந்திரத்துக்குள் போகிறது. அது சுழற்றி வெள்ளையணுக்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, மீதியை மறு கை வழியாகத் திருப்பி அனுப்புகிறது. சில மணி நேர வேலை, ரத்ததானம் செய்வதைப் போலத்தான். ஆய்வகத்தில் டி செல்களுக்குள் கார் ஏற்பிக்கான மரபணுவை, நோய் உண்டாக்கும் திறன் நீக்கப்பட்ட வைரஸ் ஒன்று கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆம், அது எச்.ஐ.வி. குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ். செல்லுக்குள் மரபணுவைச் செருகுவதில் அதற்கு இருக்கும் தேர்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மாறிய செல்கள் கோடிக்கணக்கில் பெருக்கப்பட்டு, உறைய வைக்கப்படுகின்றன. நோயாளிக்குச் சில நாள் கீமோ கொடுத்து, பழைய வெள்ளையணுக்களைக் குறைத்து இடம் உண்டாக்கிய பிறகு, அந்தச் சிறிய பையை இளக்கி ஏற்றுகிறார்கள். அரை மணி நேரத்துக்குள் பை காலியாகிவிடும். உறையவைக்கும்போது செல்கள் சிதையாமல் காக்கச் சேர்த்த வேதிப்பொருள் மூச்சில் வெளியேறும்போது அறை முழுவதும் பூண்டு வாடை அடிக்கும்.

பிறகு வரும் இரண்டு வாரங்களில்தான் உயிர்ப்போராட்டம். அமெரிக்காவின் எமிலி வொய்ட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமி, எதற்கும் பணியாத ரத்தப்புற்றுக்காக 2012-இல் இந்தச் செல்களைப் பெற்ற முதல் குழந்தை. செல்கள் பெருகித் தாக்கியபோது ரத்தத்தில் சமிக்ஞைப் புரதங்கள் வெள்ளமாகக் கொட்டி, கடும் காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் வந்து, மூச்சுக்கருவியில் கிடந்தாள். இன்டர்லூகின்-6 என்ற புரதம் எக்கச்சக்கமாக ஏறியிருப்பதைக் கண்டு, மூட்டுவாதத்துக்குப் பயன்படும் டோசிலிசுமாப் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் நிலைமை மாறியது. அவள் புற்றின்றி வளர்ந்து பெரியவளாகிவிட்டாள். இன்று எல்லாக் கார்-டி பிரிவுகளிலும் அந்த மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மூளையும் பாதிக்கப்படலாம் என்பதால், தினமும் ஒரே வாக்கியத்தை எழுதச் சொல்கிறார்கள். ‘என் வீடு களியக்காவிளையில் இருக்கிறது’ என்று முதல் நாள் நேராக எழுதியவர், ஐந்தாம் நாள் பேச்சில் எந்த மாற்றமும் இல்லாமலே அதைக் கோணல்மாணலாக, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற எழுதுவார். ஸ்கேனுக்கு முன்பே காகிதமும் பேனாவும் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

அமெரிக்காவில் 2017-இல் ஒப்புதல் பெற்ற முதல் கார்-டி சிகிச்சையின் விலை அப்போது 4,75,000 டாலர். இந்தியாவில் மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற சிகிச்சைக்கு 2023-இல் அனுமதி கிடைத்தது. அதன் சோதனையில் மதிப்பிட முடிந்தவர்களில் 73 சதவீதத்தினருக்குப் புற்று பணிந்தது. விலை அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது என்றாலும், அதுவே பல லட்சங்கள். நம் மாநிலத்தின் மறு எல்லையில், சித்தூருக்குப் பக்கத்திலிருக்கும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வேறொரு வழியைச் சோதித்திருக்கிறது: செல்களைத் தொலைவிலுள்ள தொழிற்சாலைக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்குள்ளேயே சுமார் 9 நாட்களில் தயாரித்துவிடுவது. போக்குவரத்தும் உறையவைத்தலும் குறைந்தால் செலவு வெகுவாகக் குறையும். எனக்கு இதில்தான் நம்பிக்கை கூடுதல்.

பிறகு ஏன் இதை அவனுடைய அப்பாவுக்குச் செய்ய முடியாது? மேலே சொன்ன வெற்றிகள் அனைத்தும் சிடி19 என்ற புரதத்தைக் குறிவைத்தவை. அந்த ரத்தப்புற்றுகள் பி செல்கள் கெட்டு வருபவை; சிடி19 ஏறக்குறைய பி செல்களின் மேல் மட்டுமே இருக்கிறது. கார்-டி செல்கள் பி செல் புற்றோடு நல்ல பி செல்களையும் சேர்த்து அழித்துவிடும். எதிர்ப்பொருள் குறைந்தாலும் அதை வெளியிலிருந்து ஏற்றிச் சமாளிக்கலாம், மனிதர் பிழைத்திருக்க முடியும். கன்னத்துப் புற்று செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களோ, தொண்டை, உணவுக்குழாய், தோல் ஆகியவற்றின் நல்ல செல்களிலும் இருக்கின்றன. அவற்றைக் குறிவைத்தால் விலை கொடுக்க வேண்டியது நோயாளியின் தொண்டை. இதோடு, ரத்தப்புற்று செல்கள் ரத்தத்திலும் மஜ்ஜையிலும் மிதந்துகொண்டிருக்க, கன்னத்துக் கட்டி நார்ச்சுவரால் சூழப்பட்டு, ஆக்சிஜன் குறைந்த இடமாக இருக்கிறது. உள்ளே போன டி செல் சீக்கிரமே களைத்துவிடுகிறது. காவலை அடக்குவதற்கென்றே இருக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் அங்கே கூடியிருக்கும். அவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் ஷிமோன் சகாகுச்சி உள்ளிட்ட மூவருக்கு 2025-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். திடக்கட்டிகளில் முயற்சிகள் நிற்கவில்லை. கட்டிக்குள் ஏற்கெனவே நுழைந்திருக்கும் டி செல்களை எடுத்துப் பெருக்கி ஏற்றும் முறைக்கு மெலனோமாவில் 2024-இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. சீனாவில் இரைப்பைப் புற்றுக்குக் கார்-டி கொடுத்த சோதனையில், நோய் முற்றாமல் நின்ற காலம் 1.77 மாதத்திலிருந்து 3.25 மாதமாகக் கூடியதாக 2025-இல் வெளியானது. சிறிய அடிதான் அது. வாய்ப்புற்றுக்குக் கார்-டி இருக்கிறது என்று சொல்லி யாராவது பணம் கேட்டால், அவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதே என்று பையனிடம் உறுதியாகச் சொன்னேன்.

வாய்ப்புற்றில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் மாற்றம் வேறிடத்தில் நடக்கிறது. பிரேக்கை நீக்கும் மருந்தை, மற்ற எல்லாம் தோற்ற பிறகு கடைசியில் கொடுப்பதற்குப் பதிலாக, அறுவை சிகிச்சைக்கு முன்பே கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கட்டியை வெட்டி எடுத்த பிறகு டி செல்களுக்குப் பார்த்துப் பழக எதுவும் மிச்சமிருக்காது. கட்டி முழுதாக இருக்கும்போதே தடையை நீக்கினால், அதிலிருக்கும் எல்லாப் பிழைகளையும் அவை கண்டு பழகி, ரத்தத்தில் ஏறி, வேறெங்கோ ஒளிந்திருக்கும் புற்று செல்களையும் தேடிப் போகும். தலை, கழுத்துப் புற்றில் பெம்ப்ரோலிசுமாபை அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுத்த பெரிய சோதனையில், நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் எட்டிய காலம்) 30.4 மாதத்திலிருந்து 51.8 மாதமாகக் கூடியது. அமெரிக்கா 2025 ஜூனில் அதற்கு ஒப்புதல் அளித்தது. வாய் சரியாகத் திறக்காவிட்டாலோ, கன்னத்தின் உள்ளே வெள்ளைப் படலமோ ஆறாத புண்ணோ மூன்று வாரத்துக்கு மேல் இருந்தாலோ உடனே காட்ட வேண்டும் என்பதற்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது.

பையனின் அப்பாவுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது. அவருக்கு முதல் ஊசி வியாழக்கிழமை. அதற்கு முன் தைராய்டு, ஈரல், சிறுநீரகம், சர்க்கரை ஆகிய ரத்தப் பரிசோதனைகளைச் செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எதற்கு இத்தனை என்று அவன் சலித்துக்கொண்டான். டி செல்கள் நல்ல உறுப்பைத் தொட்டால் முதலில் தெரிவது அந்த எண்களில்தான், ஊசிக்கு முந்தைய அளவு கையில் இருந்தால்தான் பிந்தைய மாற்றம் புலப்படும் என்று விளக்கினேன். மார்த்தாண்டத்திலேயே ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவுகளைக் கோப்பில் செருகிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டு, குறைந்த அளவு மருந்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதையும் கோப்பின் மேலட்டையில் பேனாவால் எழுதிக்கொண்டான்.